எழுதுகிறவருக்குக் கண் கிடையாது

குளிர்காலத்தின் நட்ட நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, அந்தச் சதுப்பு நிலச் சரணாலயத்தில் பறவைகளை எண்ணுவார்கள். எண்ணுகிறவர்கள் யாரும் சம்பளத்துக்கு வருகிறவர்கள் அல்ல. மற்ற நாளெல்லாம் ஆளுக்கொரு பிழைப்பைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மட்டும் போர்வையை உதறிவிட்டு வந்து, மூக்கு நுனி மரத்துப்போக உட்கார்ந்து வாத்து எண்ணுவதில் சுகம் கண்டவர்கள். அவர்களைப் பார்த்து நாலு பேர் சிரிப்பதும் உண்டு. சிரிக்கிறவர்களுக்கு என்ன தெரியும்!

எண்ணுவதற்குக் கறாரான முறை ஒன்று இருந்தது. பறவை பார்க்கவென்று கரையோரம் கட்டிய குடில்களில், குடிலுக்கு இரண்டு பேர். ஒருவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர் குனிந்த தலை நிமிராமல் எழுத வேண்டும். பார்க்கிறவர் எழுதப் போனால் ஒரே கூட்டத்தை இரண்டு தடவை எண்ணிவிடுவார். எழுதுகிறவர் பார்க்கப் போனால் காதில் விழுந்ததைக் கோட்டை விட்டுவிடுவார். "பாக்கறவருக்குக் கை கிடையாது, எழுதறவருக்குக் கண் கிடையாது" என்று போஸ்ட்மாஸ்டர் ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் அறிவிப்பார். எண்ணிக்கைப் புத்தகத்தைப் பதினைந்து வருடமாகக் கட்டிக் காப்பவர் அவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ நாளாகிவிட்டது. பேச்சில் மட்டும் முத்திரை குத்துகிற வேகம் குறையவில்லை.

நான்காம் குடிலில் பார்ப்பது கண்ணாடியம்மா, எழுதுவது அவள் கணவர் லிஃப்ட்காரர். இரண்டும் அந்தக் கூட்டத்தார் வைத்த பெயர்கள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள். இருட்டறையில் உட்கார்ந்து, எதிரே மோவாயை வைத்துக்கொண்டிருப்பவரிடம் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக் கேட்டே இருபத்தோரு வருடம் ஓடிவிட்டது. அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டாலும் அவர் செல்போன்தான் அலறும். பறவைகளில் அவர் அறிந்தது இரண்டே ஜாதி: காக்கா, காக்கா இல்லாதது.

அப்படிப்பட்ட மனிதர் அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு பெருங்குருகு.

குருகு என்பது நாணலுக்குள் வாழ்கிற கொக்கு ஜாதி. அதில் இது பெரியது, பழுப்பும் கறுப்புமாகக் கோடு போட்டது, லேசில் யார் கண்ணிலும் படாது. ஆள் அரவம் கேட்டால் ஓடாது, பறக்காது. அலகை வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு, தானும் ஒரு நாணல் என்பதுபோல நின்றுவிடும். மூன்று குளிர்காலத்துக்கு முன்பு, கண்ணாடியம்மா எண்ண வந்த முதல் ஆண்டில், நான்காம் குடிலுக்கு எதிரே நாணல் ஓரத்தில் அதைப் பார்த்தாள். அலகு மேலே, உடம்பில் கோடு, அசையவே இல்லை. அசையாமல் நிற்பதுதானே அதன் அடையாளம்? ஒரு மணி நேரம் பார்த்தாள், ஒரு மணி நேரமும் அது அசையவில்லை. அவளுக்குச் சந்தேகமே போய்விட்டது.

அன்றைக்கு அவளோடு எழுத வந்தவர் காய்ச்சல் என்று பாதியில் கிளம்பிவிட்டார். ஆகவே பார்த்தவள் அவள் ஒருத்திதான். அபூர்வமான பறவை என்றால், முதல் தடவை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் புத்தகத்தில் மையால் எழுத மாட்டார் போஸ்ட்மாஸ்டர். ஒருவர் மட்டும் பார்த்ததற்குக் கடைசிப் பக்கம் இருந்தது. அதில் பென்சிலால் எழுதுவார். இரண்டாவது ஆள் எப்போது பார்க்கிறாரோ அப்போது மைக்கு மாறும். புதிதாக வந்தவள் பெருங்குருகைப் பார்த்தேன் என்கிறாளே என்று இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது அவள் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து, சாப்பாடு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த குளிர்காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரமே இல்லாத லிஃப்ட்காரர், மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார். "வா, நான் எழுதறேன்." அன்றைக்கு அவள் கண்ணைத் தொலைநோக்கியில் ஒட்டவைத்துக் குருகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அடியே, பறக்குது பாரு!" என்று அவர் ஒரு கத்துக் கத்தினார். பதற்றத்தில் அவள் முழங்கை பட்டுத் தொலைநோக்கி எங்கேயோ திரும்பிவிட்டது. தட்டுத் தடுமாறி இடத்தைப் பிடித்தபோது குருகு பழையபடியே நின்றுகொண்டிருந்தது. "திரும்பி வந்து அதே இடத்துல நின்னுடுச்சா?" என்று கேட்டாள். "ஆமா" என்றார். இரண்டு கையெழுத்து விழுந்தது, பென்சில் மையாயிற்று. சிரித்த இரண்டு பேரும் வந்து கை கொடுத்தார்கள்.

அதன் பிறகு லிஃப்ட்காரரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பறக்கும் பெருங்குருகைக் கண்ட ஒரே ஆள்! எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பந்தி முடிவதற்குள் குருகு ஒரு தடவை பறந்துவிடும். மூன்றாம் குளிர்காலத்திலும் அவள் பார்த்தாள், சொன்னாள், அவர் எழுதினார். அந்த வருடம் எடுத்த மங்கலான புகைப்படம் ஒன்றுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் டிவிக்கு மேலே மாட்டினாள்.

இது நான்காவது குளிர்காலம். இந்த வருடமும் புத்தகத்தில் ஏறிவிட்டால் தொடர்ந்து மூன்று வருடம். நான்காம் குடிலுக்குப் பெருங்குருகுக் குடில் என்று பெயரே வைத்துவிடலாம் என்று போஸ்ட்மாஸ்டர் முடிவு கட்டியிருந்தார். முடிவு கட்டியதோடு நிற்காமல், தன் கையாலேயே பலகையில் பறவையை வரைந்து, பெயிண்ட் அடித்து, படுக்கை விரிப்பில் சுற்றிக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். குருகு வருவதற்கு முன்பே அதற்குப் பலகை வந்துவிட்டது.

*

பனி மெல்ல விலகியது. குடிலின் நீளச் சன்னல் வழியே குளிர் உள்ளே வந்து முழங்காலைப் பிடித்தது. கண்ணாடியம்மா ஊசிவால் வாத்துகளை நாற்பத்திரண்டு என்றாள், முக்குளிப்பான் ஏழு என்றாள், நாமக்கோழிகளை எண்ணி நூற்றுப் பத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். லிஃப்ட்காரர் பேனாவைப் பிடித்த விரல்களை அவ்வப்போது ஊதிக்கொண்டு எழுதினார். இனிப்பைக் கடைசியில் சாப்பிடுகிற பிள்ளைபோல, நாணல் ஓரத்தை அவள் கடைசிக்கு வைத்திருந்தாள்.

"வந்திருக்கா உன் ஆளு?" என்றார் அவர், தலை நிமிராமல்.

"இருங்க, இருங்க..." அவள் குரல் கிறீச்சிட்டது. "ஏங்க! வளையம்! வளையம் போட்டிருக்காங்க!"

வலசை போகும் பறவைகளைப் பிடித்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டி விடுவது உண்டு. அப்படி ஒன்றைக் கண்டால் கொண்டாட்டம்தான். எங்கிருந்து கிளம்பி வந்தது என்பது வரைக்கும் தெரிந்துவிடும். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"எழுதட்டுமா?"

"எந்தக் கால்னு பாத்துடறேன், அவசரப்படாதீங்க."

பார்த்தாள். மதகுப் பலகையைப் பழுது பார்ப்பதற்காகப் போன வாரம் தண்ணீரை ஒரு முழம் இறக்கியிருந்தார்கள். மூன்று வருடமாகத் தண்ணீருக்கடியில் இருந்த அடிப்பாகம் இப்போது வெளியே தெரிந்தது. கால் ஒன்றுதான் இருந்தது. அது அவள் தொடையளவு பருமன். வளையம் துருப்பிடித்த இரும்பு. அதில் நைந்துபோன கயிறு ஒரு சாண் தொங்கியது. எந்தக் காலத்திலோ படகு கட்டிய கட்டை. அப்போதும் அவள் மனம் கேட்கவில்லை, ஒருவேளை கட்டைக்கு முன்னால் குருகு நிற்கிறதோ என்று பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு மீன்கொத்தி விர்ரென்று வந்து குருகின் அலகு நுனியில் உட்கார்ந்து, தன் அலகை அதில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக்கொண்டது.

கண்ணாடியம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறவள் நாலு குளிர்காலம் ஒரு கட்டையை வைத்த கண் வாங்காமல் பார்த்திருக்கிறாள். அதற்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். வெளியே காருக்குள் படுக்கை விரிப்பில் சுற்றிய பலகை வேறு.

சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன? இந்த வருடம் வரவில்லை என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். மதகு சரியாகித் தண்ணீர் ஏறிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் பெயரும் தப்பும், அவர் பெயரும் தப்பும். சொன்னாலோ, பறந்தது பறந்தது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிற இந்த மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? கட்டை எப்படிப் பறக்கும்?

அப்படி யோசித்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. கட்டை பறக்காது. அப்படியென்றால் இவர் என்னிடமே பொய் சொல்லியிருக்கிறார். கட்டையைக் குருகு என்று நம்பியதைவிட இது நெஞ்சில் அதிகமாகக் குத்தியது.

"ஏங்க," என்றாள், தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே. "அன்னைக்கு அது பறந்துச்சுன்னீங்களே, எப்படிப் பறந்துச்சு?"

கேட்காமலே சொல்கிறவர் அவர். வாயெல்லாம் பல்லாகப் பேனாவைக் கீழே வைத்தார். "அதை ஏன் கேக்கற! நாணலை அப்படியே ரெண்டாப் பிளந்துக்கிட்டு..."

"கதை வேண்டாம். கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கழுத்து நீட்டியிருந்துச்சா, மடக்கியிருந்துச்சா?"

"மடக்கி. தோளுக்குள்ள இழுத்துக்கிட்டு."

"கால்?"

"பின்னால நீட்டிக்கிட்டு. பச்சை. பாசி புடிச்ச குழாய் மாதிரி ஒரு பச்சை."

அவள் கொஞ்சம் திடுக்கிட்டாள். "சத்தம்?"

"அதான் ஆச்சரியமே. அவ்வளவு பெரிய இறக்கை, ஒரு சத்தம் இல்ல. ஆந்தை மாதிரிப் போச்சு. ஏம்மா, இதெல்லாம் எதுக்கு இப்போ?"

கழுத்தை மடக்கி, பச்சைக்காலை நீட்டி, ஆந்தைபோலச் சத்தமில்லாமல். அவள் பறவைப் புத்தகத்தில் பெருங்குருகு பறப்பதைப் பற்றி எழுதியிருந்தது அச்சு அசலாக அதுதான். அந்தப் புத்தகத்தை இவர் தொட்டது ஒரே ஒரு தடவை, ஆடுகிற மேசைக்கு அண்டை கொடுக்க.

"கட்டையிலேருந்தா கிளம்புச்சு?" என்று கேட்டாள்.

லிஃப்ட்காரர் பிளாஸ்கைத் திறந்து டீயை மூடியில் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். "பாத்துட்டியா?"

"வளையத்தைப் பாத்துட்டேன்."

"தண்ணியை இறக்கறாங்கன்னு கேள்விப்பட்டப்பவே நெனச்சேன்," என்று அசடு வழிந்தார். "அது கட்டைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். காத்துல நாணல் அத்தனையும் ஆடுது, அது மட்டும் ஆடல. அடியில ஊனி வச்ச சாமான் அப்படித்தான் நிக்கும். எது ஆடுது, எது ஆடலன்னுதானே நான் லிஃப்ட்ல நாள் முழுக்கப் பாக்கறேன்?"

அவளுக்குச் சுருக்கென்றது. நாணல் அசைந்தால் குருகும் கூடவே அசையும் என்று அதே புத்தகத்தில் அடுத்த வரியில் போட்டிருந்தது. ஆசையில் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தாள்.

"அப்போ பறந்தது?"

"பறந்தது நிஜம். சத்தியமா நிஜம். நான் குனிஞ்சு எழுதிட்டு இருந்தேன், பேனா மக்கர் பண்ணுச்சு, உதறலாம்னு நிமிர்ந்தேன். கட்டைக்கு இந்தப் பக்கம், ஒரு இருபது அடி தள்ளி, நாணலுக்குள்ளேருந்து எழும்பிப் போச்சு. உன் குழாய்ல அது எப்படித் தெரியும்? நீ கட்டையைப் பிடிச்சு வச்சுக்கிட்டு இருந்தே. கத்தினேன். நீ தேடிப் பிடிச்சு, 'அதே இடத்துல நின்னுடுச்சா'ன்னு கேட்டே." அவர் மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். "உன் மூஞ்சியைப் பாத்தேன். அதுக்கு முந்தின வருஷம் சாப்பிடாம சுவத்தைப் பாத்துப் படுத்தியே, அது ஞாபகம் வந்துச்சு. ஆமான்னுட்டேன். அந்த ஒரு ஆமாதான் பொய். மத்ததெல்லாம் நிஜம்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம்னுதான் ஒரு நாள் வேலையிலேருந்து சீக்கிரமா வந்தேன். நீ சுவத்துல ஆணி அடிச்சு போட்டோவை மாட்டிட்டு இருந்தே. நானும் சுத்தியலை வாங்கி ரெண்டு அடி அடிச்சுக் குடுத்தேன்."

கண்ணாடியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்படத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்புதான் முந்திக்கொண்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் டீ சிந்தியது. மீன்கொத்தி பறந்து போனது. இந்த மனிதர் ஒரு வருடமாகக் கூடத்தில் அந்தக் கட்டையின் கீழே உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறார், மூச்சு விடவில்லை. பறவையைப் பார்த்தவர் இவர். கட்டையைப் பார்த்தவள் நான். அவர் மேல் அவளுக்கு அன்பு பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே, நான் பார்க்க வேண்டியதை இவர் பார்த்துவிட்டாரே என்று கொஞ்சம் பொறாமையும் வந்தது. இரண்டையும் அவள் மறைக்கவில்லை. அவர் முழங்கையில் ஓங்கி ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"பேசாம விட்டுடலாமே," என்றார் அவர், கையைத் தேய்த்துக்கொண்டு. "இந்த வருஷம் வரலன்னுடு. தண்ணி ஏறிடும்."

"ஏறினா கட்டை மறுபடி குருகாயிடுமா? கிளம்புங்க."

*

பதினொரு மணிக்கு எல்லாக் குடில்காரர்களும் சரணாலய அலுவலகத்தின் நீண்ட அறையில் கூடினார்கள். ஈரக் காலணிகள் வாசலில் வரிசையாக நின்றன. மூலையில் ஹீட்டர் முனகியது, அதற்குப் பக்கத்தில் கை நீட்டி நிற்க ஒரு சின்னத் தள்ளுமுள்ளு நடந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகையின் விரிப்பு ஒரு மூலையில் விலகியிருந்தது. போஸ்ட்மாஸ்டர் வரைந்த அலகின் நுனி எட்டிப் பார்த்தது.

"நாலாம் குடில்," என்றார் போஸ்ட்மாஸ்டர், பேனாவைத் திறந்து. "முதல்ல நம்ம விருந்தாளியைச் சொல்லுங்கம்மா."

கண்ணாடியம்மா எழுந்து நின்றாள். கடையில் இத்தனை பேர் கண்ணுக்குள் பார்த்தவளுக்கு, அத்தனை கண்ணும் தன்னையே பார்த்தபோது கூச்சமாக இருந்தது. தண்ணீர் இறங்கியதைச் சொன்னாள். வளையத்தைச் சொன்னாள். கயிற்றைச் சொன்னாள். மீன்கொத்தி வந்து மூக்கைத் துடைத்தது வரைக்கும் எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள்.

பிறகு இரண்டாம் குடிலில் எண்ணுகிற பல் டாக்டர் மெதுவாகத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "ஐயோ, எனக்கும் நீங்கதானே பவர் பாத்தீங்க!"

அப்புறம் சிரிப்பை நிறுத்த யாராலும் முடியவில்லை. கண்ணாடியம்மாவும் சேர்ந்து சிரித்தாள். பயந்த அளவுக்கு அது வலிக்கவில்லை.

போஸ்ட்மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பின்னால் திருப்பி, இரண்டு வருடத்துப் பெருங்குருகையும் அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு பேனாவோடு நிமிர்ந்தார். "கட்டை இருக்கட்டும். பறந்துச்சுன்னு ரெண்டு கையெழுத்து இருக்கே. அது என்ன?"

"இவர் பாத்தாரு சார். கட்டையிலேருந்து இல்ல, தள்ளி, நாணலுக்குள்ளேருந்து." கழுத்து, கால், சத்தமில்லாத இறக்கை எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்கப் போஸ்ட்மாஸ்டரின் புருவம் உயர்ந்தது. பறவைகளை அறிந்தவர் அவர்; பார்க்காமல் இத்தனையையும் கயிறு திரிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"அது குருகேதான்," என்றார். "சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டு பேர் வேணுமே. அந்த இடத்துல நீங்களும் இருந்தீங்க. ஓரக்கண்ணுல, ஒரு நிழலாவது பாத்திருப்பீங்களே அம்மா? பாத்தீங்களா?"

அவர் பலகையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பாவம், அவரும் மனிதர்தானே, எத்தனை நாள் உட்கார்ந்து வரைந்திருப்பார். ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கணவரின் பறவை மையில் நிற்கும், பலகையும் சுவரேறும். லிஃப்ட்காரர் அவளுக்காகச் சொன்ன அதே ஆமா, இப்போது அவருக்காகச் சொல்லச் சொல்லி அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"இல்ல சார்," என்றாள். "நான் பாத்தது கட்டை. பறவையைப் பாத்தது இவர் ஒருத்தர்தான்."

அறை முழுவதும் லிஃப்ட்காரரைத் திரும்பிப் பார்த்தது. பந்தி பந்தியாகக் கதை சொன்னவருக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. காதுவரை சிவந்துபோய், மஃப்ளரின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் கதையாகக் கேட்டுச் சிரித்தவர்கள் இப்போதுதான் அவரை நம்பினார்கள்.

போஸ்ட்மாஸ்டர் பேனாவை மூடிவிட்டுப் பென்சிலையும் ரப்பரையும் எடுத்தார். கடைசிப் பக்கத்தில், மூன்று குளிர்காலத்துக்கு முன்பு எழுதிய கண்ணாடியம்மாவின் பெயரை அழித்தார். துகளை ஊதிவிட்டு, அழித்த இடத்திலேயே லிஃப்ட்காரர் பெயரை எழுதினார்.

"பலகையை என்ன பண்றது?" என்றார் பெருமூச்சோடு.

"கட்டையிலயே மாட்டிடலாம் சார்," என்றார் லிஃப்ட்காரர், குரல் திரும்பியவராக. "வளையம் ரெடியா இருக்கு."

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை ஒன்றும் இல்லை. ஆனாலும் விடிந்ததும் இரண்டு பேரும் நான்காம் குடிலில் இருந்தார்கள். கண்ணாடியம்மாவைக் கட்டையம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள். கூடத்துப் புகைப்படத்தை அவள் இறக்கவில்லை. கேட்கிறவர்களிடம் "அது கட்டை" என்று சொல்லிவிட்டு, அவர்கள் விழிப்பதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு குஷி. மதகு சரியாகித் தண்ணீர் ஏறியிருந்தது. நாணல் ஓரத்தில் கட்டைக் குருகு அலகைத் தூக்கிக்கொண்டு, முன்னைவிட அழகாக நின்றது.

இப்போது தொலைநோக்கி லிஃப்ட்காரரிடம். நோட்டு அவள் மடியில்.

"கறுப்பு," என்றார் அவர், ஒற்றைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு. "நெத்தியில வெள்ளை. பன்னெண்டு."

அவள் நாமக்கோழி பன்னிரண்டு என்று எழுதினாள்.

"காக்கா மாதிரி, ஆனா காக்கா இல்ல. தண்ணிக்குள்ள முழுகுது. மூணு."

நீர்க்காகம் மூன்று என்று எழுதினாள். பிறகு பேனாவைக் கீழே வைத்தாள். தலையை நிமிர்த்தி, கட்டையை விட்டு இருபது அடி தள்ளி, காற்றில் ஆடிக்கொண்டிருந்த நாணலை வெறுங்கண்ணால் பார்த்தாள்.

"என்ன, எழுதற சத்தமே காணோம்? எழுதறவருக்குக் கண் கிடையாதும்மா."

"நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டே இருங்க," என்றாள் அவள், நாணலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ரெண்டாவது கையெழுத்து என்னுது."